காரணம் கேட்காமல் வேலையை மாற்றிக் கொடுங்கள்: குளுவாங் வட்டாரப் பண்ணை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் வட்டாரத்தில் ஆட்டுப் பண்ணையும் மாட்டுப் பண்ணையும் நடத்துவோருக்கும், செம்பனை நிரைகளுக்கிடையே மாடு மேய்க்கும் தோட்ட நிர்வாகத்தினருக்கும், விலங்கு மருத்துவமனை, செல்லப்பிராணிக் கடை நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் அரசாங்க சுகாதார கிளினிக்கில் சமூகத் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். லயத்து வீடுகளில் இன்றும் என்னை மிஸி என்றே கூப்பிடுகிறார்கள். கிளினிக்கில் சொல்லத் தயங்கும் செய்தியை என் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றைக் கேட்ட பிறகுதான் இம்மடலை எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் வேலை செய்யும் எந்தப் பெண்ணும், குட்டி ஈனும் கொட்டகை, ஊசி மருந்து, எக்ஸ்ரே அறை ஆகியவற்றிலிருந்து தன்னை விலக்கி வேறு வேலையில் போடும்படி கேட்டால், காரணம் கேட்காமல், சம்பளத்தில் ஒரு காசும் குறைக்காமல் மாற்றிக் கொடுங்கள். ‘கருவுற்றிருக்கிறேன்’ என்று அவர் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். ஏன் காத்திருக்கக் கூடாது என்பதை விளக்கத்தான் இத்தனை பக்கங்கள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். தோட்டத்தில் பிறந்த நம் பெண்கள் பட்டணத்துத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் போனது போக, ஒரு பகுதியினர் ஊருக்குப் பக்கத்திலேயே கால்நடை சார்ந்த வேலைகளில் சேர்ந்துவிட்டார்கள். தீபாவளிக்கும், கோயில் வேண்டுதலுக்கும், ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கும் இந்த வட்டாரத்தில் ஆடு தேவைப்படுகிறது. அந்த ஆடுகளுக்குத் தழை அறுப்பது, குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பது, கொட்டகை கழுவுவது, பால் கறந்து புட்டியில் அடைப்பது என்று பெரும்பாலான கைவேலையைச் செய்பவர்கள் பெண்கள். அவர்களில் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் என்பதையும், அது பிள்ளை பெறும் வயது என்பதையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆடு குட்டி போடும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். குட்டி குறுக்கே கிடந்தால், கை சிறியதாக இருக்கிறது என்று பெண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். வெறுங்கையை உள்ளே விட்டுக் குட்டியை இழுத்து, மூக்கிலும் வாயிலும் ஒட்டியிருக்கும் சவ்வைத் தோளில் கிடக்கும் துண்டாலேயே துடைத்து, நஞ்சுக்கொடி விழுந்ததும் அதை வாரி வாழையடியில் போட்டுவிட்டு, அதே துண்டில் நெற்றி வியர்வையையும் துடைத்துக்கொள்கிற பெண்ணை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்போது மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ இருக்கும். அந்தப் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும்தான் கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா பர்னெட்டி என்னும் கிருமி மிக அடர்த்தியாக இருக்கக்கூடும். கிருமி தொற்றிய ஆட்டுக்கு வெளியில் எந்த நோயும் தெரியாமல் போகலாம். சினை கலைவதோ, குட்டி செத்துப் பிறப்பதோ, நலிந்து பிறப்பதோதான் பெரும்பாலும் அதன் அடையாளம். இந்தக் கிருமி காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் தூசியில் உயிரோடு கிடக்கும், காற்றில் பறக்கும், மிகச் சில கிருமிகள் மூச்சில் போனாலே போதும், நோய் தொற்றிவிடும். ஆகவே பிரசவம் பார்த்தவருக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர் ஆட்டுக் கொட்டகைகள் தூண் மேல் பலகைச் சட்டம் அடித்துக் கட்டப்பட்டவை. சட்டத்தின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்து காய்ந்த புழுக்கையைக் குனிந்து சுரண்டிச் சாக்கில் கட்டி, பூச்செடி வளர்ப்போருக்கு உரமாக விற்கிறோம். அந்தச் சுரண்டும் வேலையும் பெண்களுடையதுதான். முகத்தில் கட்டும் துணி அந்தத் தூசியைத் தடுக்காது.

இது எங்கோ தூர தேசத்து நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து இந்நோய் பரவி, 4,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டனர். சினையாயிருந்த ஆடுகளைப் பல்லாயிரக்கணக்கில் கொன்ற பிறகுதான் அது அடங்கியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆட்டைத் தொட்டவர்கள்கூட அல்லர். பண்ணைகளுக்கு அருகில் குடியிருந்தவர்கள். மலேசியாவிலும் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள் மனிதரிடமும் கால்நடையிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு இது தொற்றினால் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் கருச்சிதைவு, குறைமாதப் பேறு, குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகியவற்றுக்கு இது காரணமாகக்கூடும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி இதயத்தைத் தாக்கும். மருத்துவருக்கு ஐயம் வந்தால் இரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மருந்தும் உண்டு. ஆனால் ஐயம் வர வேண்டுமென்றால் அந்தப் பெண் ஆட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறார் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டின் பேறுகாலத்தோடு வருவது இந்த ஒரு கிருமி மட்டுமன்று. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் சினைக்கலைவு உண்டாக்கும் கிளமிடியா வகை ஒன்று, கருவுற்ற பெண்ணுக்குத் தொற்றினால் குழந்தையை மட்டுமின்றித் தாயின் உயிரையும் அபாயத்தில் தள்ளும். பிரிட்டனில் ஒவ்வோர் ஆண்டும் ஆடு ஈனும் பருவத்தில், கருவுற்ற பெண்கள் பட்டிப் பக்கமே போக வேண்டாம் என்று சுகாதாரத் துறை எச்சரிக்கை வெளியிடுவது இதனால்தான். ஆட்டுக்காரர் கொட்டகையில் போட்டிருந்த துணியை வீட்டில் மனைவி துவைத்தால்கூட அபாயம் உண்டு என்று அந்த எச்சரிக்கையில் சொல்லப்படுகிறது. ஆகவே கணவரை மட்டும் வேலைக்கு வைத்திருக்கும் பண்ணைக்காரர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். லிஸ்டீரியா என்னும் கிருமி அழுகிய தீவனத்திலும் கலைந்த சினையிலும் இருக்கும்; தாய்க்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் போல வந்துபோய், சிசுவைக் கொன்றுவிடக்கூடும். புருசெல்லா என்னும் இன்னொரு கிருமி நம் நாட்டிலேயே தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறது: பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணையின் காய்ச்சாத பாலைத் தொடர்ந்து 79 பேர் நோயுற்றது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ‘கறந்த சூட்டோடு குடித்தால் பிள்ளைக்குச் சத்து’ என்று மசக்கைக்காரிக்குப் பச்சைப் பால் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் அதை நிறுத்துங்கள், பாலைப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள்.

பூனையைப் பற்றி எழுதும்போது அளவோடு எழுத வேண்டும்; அரைகுறையாகக் கேள்விப்பட்டு வீட்டுப் பூனையைச் செம்பனைக் காட்டில் விட்டுவந்த குடும்பங்கள் உண்டு. டாக்சோபிளாஸ்மா கிருமி, பூனைக்கு முதல் முறை தொற்றும்போது சில வாரங்கள் அதன் மலத்தில் வெளியேறுகிறது. வெளிவந்த உடனே அது தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாளில் முற்றிய பிறகே தொற்றும். எனவே மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்தால் வீட்டுப் பூனையால் பெரிய அச்சமில்லை. கடைகளிலும் பூனைக் காப்பகங்களிலும் நிலைமை வேறு: பல வீட்டுப் பூனைகள் வந்துபோகும் இடத்தில், இரண்டு மூன்று நாள் கழுவாத தட்டுகளைத் தேய்ப்பது ஒரே பெண்ணின் வேலையாக இருக்கிறது. ஈர மண்ணில் இக்கிருமி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், தோட்டத்து நர்சரியில் பாலிபேக்கில் மண் நிரப்பும் பெண்களையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்; மண்குவியல் இருக்கும் இடத்தில்தான் பூனை பள்ளம் பறிக்கும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இது தொற்றினால் சிசுவுக்குப் பரவும் வாய்ப்பு குறைவு. ஆனால் பரவிவிட்டால் மூளையிலும் கண்ணிலும் ஏற்படும் பாதிப்பு கடுமையாக இருக்கும். கடைசி மாதங்களில் நிலைமை தலைகீழ்.

எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் பற்றி 2010 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அரசு அறிவித்துவிட்டதால் எல்லாருக்கும் தெரியும். மாட்டுச் சிறுநீராலும் வரும், கருவையும் கலைக்கும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாடு உதைப்பதையும் தீவன மூட்டை தூக்குவதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியது மருந்துப் பெட்டி. ஒரே காலத்தில் பசுக்களுக்கோ ஆடுகளுக்கோ சினைப்பருவம் வரவழைத்துக் கருவூட்டுவதற்காகப் புரோஸ்டாகிளான்டின் வகை ஊசி பயன்படுத்துகிறார்கள். ஊசி போடுபவர் வேறொருவராக இருப்பார். குப்பியைப் பிடித்து, சிரிஞ்சில் ஏற்றி, வரிசையாக எடுத்து நீட்டுவது பக்கத்தில் நிற்கும் பெண். இம்மருந்து ஊசி குத்தித்தான் உள்ளே போக வேண்டும் என்பதில்லை. தோலில் சிந்தினாலே ஊடுருவிச் சேரும். பசுவின் கருப்பையில் அது செய்வதைப் பெண்ணின் கருப்பையிலும் செய்யும்: கருப்பையைச் சுருங்கச் செய்து கருவைக் கலைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சையும் அடைக்கும். பிள்ளை பெறும் வயதுடைய பெண்கள் இதைக் கையாளும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை என்பது மருந்துடன் வரும் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாள் ஆங்கிலத்தில், எறும்பு போன்ற எழுத்தில், பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது. கையுறை கேட்டதற்கு ‘ஊசி உனக்கா போடுகிறோம்’ என்று மேற்பார்வையாளர் சிரித்ததாக ஒரு பெண் என்னிடம் சொன்னார். அவர் கேட்டது சரியான கேள்வி. சிரித்தவருக்குத்தான் தெரியவில்லை.

விலங்கு மருத்துவமனைகளில் படித்த பிள்ளைகள் உதவியாளராக இருக்கிறார்கள். அங்கே அபாயம் வேறு உருவத்தில் வருகிறது. நாய் அசையாமலிருக்க எக்ஸ்ரே மேசையில் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதை வழக்கமாக்கிவிடக் கூடாது. கருவுற்றதை அறிவித்த பணியாளரின் சிசுவுக்கு, எஞ்சிய கர்ப்ப காலம் முழுவதற்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்பதே அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு. அந்த வரம்பும் ‘அறிவித்த’ பிறகுதான் பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள். முகமூடி வைத்து மயக்க மருந்து கொடுக்கும்போது கசியும் வாயுவை வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத சிறிய அறைகளும் உண்டு.

நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். கண்பட்டுவிடும், தங்காமல் போனால் ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மாமியார் முதல் அண்டை வீட்டு அக்காள் வரை எச்சரிப்பார்கள். அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. இழந்த பெண்ணின் வேதனையை ஊர் கூடிப் பேசாதிருக்க நம் முன்னோர் கண்ட வழி அது. ஆனால் சிசுவின் மூளையும் இதயமும் கண்ணும் உருவாவது அதே மூன்று மாதத்தில்தான். முதல் சில வாரங்களில் கருவுற்றது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஆகவே, ‘கர்ப்பம் என்று சொன்னால் இலகு வேலை தருவோம்’ என்னும் பண்ணை விதி, நல்ல மனத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், கேடு நேரக்கூடிய காலத்தின் பெரும்பகுதி கடந்த பிறகே நடைமுறைக்கு வருகிறது.

வழக்கத்தைவிடப் பெரிய தடை காசு. நாள் சம்பளத்துக்கு வரும் பெண்ணுக்குக் கொட்டகை வேலைக்கு ஒரு கூலி, சாமான் கழுவும் வேலைக்கு அதைவிடக் குறைந்த கூலி என்று இருந்தால், அவர் வாய் திறக்க மாட்டார். அடுத்த மாதம் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. ‘வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவளை வைத்து என்ன செய்வது’ என்று காதில் விழும்படி பேசியவர்களும் இருக்கிறார்கள். இந்தோனேசியப் பெண்களின் நிலை இன்னும் கடினம். கருவுற்றது தெரிந்தால் வேலை பெர்மிட் போய் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவோம் என்பதால் அவர்கள் எட்டாம் மாதம் வரைகூட இறுக்கிக் கட்டி மறைப்பார்கள். சொன்னால்தான் பாதுகாப்பு என்ற ஏற்பாடு இவர்களில் எவருக்கும் உதவாது.

கிளினிக்கில் நாங்கள் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பதிவுப் புத்தகம் கொடுப்போம். அபாயத்திற்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் வண்ண ஒட்டு ஒட்டுவோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், முந்தைய அறுவை எல்லாம் அந்த வண்ணத்தைத் தீர்மானிக்கும். தொழில் என்ற இடத்தில் ‘சூரி ரூமா’ என்று எழுதியிருக்கும். காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போய்ப் பிற்பகல் திரும்பும் பெண்ணை இல்லத்தரசி என்று நாங்கள் எழுதியதற்குக் காரணம், கையில் காசாகச் சம்பளம் வாங்குவதால் அதை வேலை என்று அவரும் சொல்வதில்லை, சம்பளச் சீட்டும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் ஐந்தாம் மாதத்தில் குழந்தையை இழந்தார். அதே மாதத்தில் அவர் வேலை செய்த பண்ணையில் அடுத்தடுத்துப் பல ஆடுகளுக்குச் சினை கலைந்திருந்ததாகப் பின்னால் சொன்னார். இரண்டுக்கும் தொடர்புண்டா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆட்டையும் பரிசோதிக்கவில்லை, அவருடைய இரத்தத்தையும் அதற்கென்று பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்கு அந்தப் புத்தகத்தில் வழியில்லை. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதி மருந்தடித்துக்கொண்டிருந்தோம். அது நிப்பா கிருமி என்று தெளிவதற்குள்ளும் பின்னும் 105 பேரை இந்நாடு இழந்தது. நோயாளி எந்த விலங்கோடு வேலை செய்கிறார் என்று கேட்பதன் அருமையை நம்மைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் குறைவு.

சட்டம் உங்கள் மேல் சுமத்தியிருக்கும் கடமையையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திற்கு 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையிட அபாயங்களை முதலாளியே மதிப்பிட்டு அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். கடமை தவறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கும் பிரிவு 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அதே திருத்தம்தான் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. வேலையால் வந்த நோய் என்று கருதும் மருத்துவர் 7 நாளுக்குள் ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டமே. அதிகாரிகள் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. கேட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் சிறிய பண்ணைக்காரர்களே அதிகம் என்பதை நான் அறிவேன்.

இந்த மடலைப் படித்துவிட்டு இனி இளம்பெண்களையே வேலைக்கு வைக்க வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால், அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. கால்நடை வேலை முழுவதும் கருவுற்ற பெண்ணுக்கு ஆகாதது அன்று. தழை எடை போடுவது, பால் விற்பனை முகப்பு, கணக்கு, தீவனப் பதிவு, கிடாய் வாங்க வருவோருக்கு விலை பேசுவது எல்லாவற்றையும் அவர் செய்யலாம். விலக்க வேண்டியவை சில வேலைகள்தான்: குட்டி ஈனும் கொட்டகை, கலைந்த சினையும் நஞ்சுக்கொடியும், காய்ந்த புழுக்கை சுரண்டுவது, பூனைத் தட்டு, இனப்பெருக்க ஊசி மருந்து, எக்ஸ்ரே அறை, மயக்க வாயு. இவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு, விரும்பிப் பெயர் கொடுத்தவரை மட்டும் அமர்த்துங்கள். பெயர் கொடுக்காதவரிடம் ஏன் என்று கேட்க வேண்டாம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே விதி இருந்தால், விலகி நிற்பவர் கருவுற்றவர்தான் என்று யாரும் ஊகிக்க முடியாது. அவருடைய மூன்று மாத மௌனமும் காப்பாற்றப்படும், சிசுவும் காப்பாற்றப்படும். பட்டியலில் பெயர் கொடுத்தவருக்கும் முழங்கை வரை வரும் கையுறை, சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசம், கொட்டகையிலேயே விட்டுப்போகும் மேலுடுப்பு, சோப்பும் குழாயும் கொடுங்கள். நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகளுக்குச் சினை கலைந்தால் மறைக்காமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள். மலேசிய விலங்கு மருத்துவக் கழகம் நம் குளுவாங்கிலேயே இருக்கிறது. ஆலோசனைக்காகக் கோலாலம்பூருக்குப் போகத் தேவையில்லை.

என் பழைய துறையினரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கர்ப்பிணி முதல் முறை வரும்போது ‘என்ன வேலை’ என்று கேட்பதோடு, ‘ஆடு, மாடு, கோழி, பூனை எதையாவது பராமரிக்கிறீர்களா, சம்பளத்துக்கோ வீட்டிலோ’ என்று சேர்த்துக் கேளுங்கள். பதிலைத் தொழில் என்ற இடத்திலேயே எழுதிவையுங்கள். காரணம் தெரியாத காய்ச்சலோ சிதைவோ நேர்ந்தால் மருத்துவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

பட்டியல் போடுவதில் தயக்கமுள்ள பண்ணைக்காரர்கள் எனக்குச் சொல்லியனுப்பினால், உங்கள் கொட்டகைக்கு வந்து, எந்த வேலை எதில் சேரும் என்று உங்களோடு உட்கார்ந்து பிரித்துத் தருகிறேன். தமிழிலும் மலாயிலும் கொட்டகை வாசலில் ஒட்டக்கூடிய ஓர் அறிவிப்பையும் எழுதி வைத்திருக்கிறேன்; கட்டணம் ஏதுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூகத் தாதி,
ரெங்கம், ஜொகூர்